5 கிலோவாட் சோலார் எனக்குத் தேவையா? – திருச்சி வாசகியின் கேள்விக்கு ஆற்றல் தணிக்கையாளரின் பதில்

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் வாசகி, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 61. கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கிறார். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குத் தனி மின் இணைப்பு உண்டு. கோடையில் பேரப்பிள்ளைகள் வந்துவிடுவதால் ஏ.சி. ஓயாமல் ஓடி இரண்டு மாதத்துக்கு 740 யூனிட் வரை ஆகிறது. பில் சுமார் 4,200 ரூபாய். மற்ற காலங்களில் 460 யூனிட்டை ஒட்டி நிற்கிறது. பில் 1,550 ரூபாய்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் சோலார் போடச் சொல்லி வற்புறுத்துகிறார். வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் 5 கிலோவாட் அமைப்புக்கு 3.25 லட்ச ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மானியம் 78,000 ரூபாய் போக மீதியை ஓய்வூதியப் பணப்பலனிலிருந்து கட்டிவிடலாம் என்பது யோசனை. இனி பில்லே வராது, கரண்ட் போனாலும் வீட்டில் எல்லாம் ஓடும், மிஞ்சும் மின்சாரத்துக்கு வாரியம் மாதாமாதம் பணம் கொடுக்கும் என்று அவர் சொன்னதை நம்பி 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. வீடும் மின் இணைப்பும் இன்னும் மறைந்த கணவர் பெயரிலேயே இருக்கின்றன. "செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்குமா, மொட்டைமாடியில் துணி உலர்த்தவும் வடகம் போடவும் இடம் மிஞ்சுமா, கொடுத்த முன்பணம் திரும்ப வருமா?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் வீட்டுக்குச் சோலார் பலன் தரும். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட அளவு உங்கள் பயன்பாட்டுக்கு மிகப் பெரியது. சோலார் லாபமா நஷ்டமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த வீட்டுக்கு, எத்தனை கிலோவாட் என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்கும். பில்களில் உள்ள யூனிட் கணக்கை நீங்கள் எழுதி அனுப்பியிருப்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

பில்லின் உச்சியிலிருந்து கணக்கிடுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய கட்டணப்படி, அதற்கு மேல் 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும், 500 வரை ஆறேகால் ரூபாய்க்குச் சற்று மேலாகவும், 600 வரை எட்டரை ரூபாயை ஒட்டியும், 800 வரை ஒன்பதரை ரூபாயை ஒட்டியும் வருகிறது. ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றரை ரூபாய்க்கு மேல். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் பாதி விலைக்கே கிடைக்கின்றன.

நெட் மீட்டர் பொருத்திய வீட்டில், வாரியத்திடமிருந்து நீங்கள் வாங்கியதிலிருந்து நீங்கள் திருப்பி அனுப்பியதைக் கழித்து, மீதிக்கு மட்டும் இந்த விலைப்பட்டியல் பொருந்தும். ஆகவே சோலார் தரும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லின் உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்டை முதலில் நீக்குகிறது; பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் எப்படியும் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைத் தொடுகிறது. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் உற்பத்தியாகும் மின்சாரத்தால் உங்கள் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

திருச்சி வெயிலில், நிழல் படாத 1 கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். மாசி, பங்குனியில் கூடும். ஆகக் கோடையில் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட், மற்ற காலங்களில் 220 யூனிட் என்று கொண்டு, ஆண்டின் ஆறு பில்களில் இரண்டு 740 யூனிட், நான்கு 460 யூனிட் என்று உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஆண்டுக்கு நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 14,600 ரூபாய். முதல் கிலோவாட் மட்டும் அதில் 9,400 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது கிலோவாட் மேலும் 4,300 ரூபாயைக் குறைக்கிறது. மூன்றாவது கிலோவாட்டால் ஆண்டுக்குக் கூடுதலாக மிச்சமாவது 850 ரூபாய்தான். நான்காவதும் ஐந்தாவதும் உங்கள் பில்லில் எந்த வேலையும் செய்யப்போவதில்லை, ஏனென்றால் குறைப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

இதையே பணமாகப் பாருங்கள். 5 கிலோவாட்டுக்கு மானியம் போக உங்கள் கையிலிருந்து போவது 2.47 லட்சம். ஆண்டுக்கு மிச்சம் அதிகபட்சம் 14,600 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்ப 17 ஆண்டுகள் ஆகும். இதற்கிடையே, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். அதே 2.47 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 8.2 சதவீத வட்டிப்படி ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் வரும். உங்கள் ஆண்டு பில் முழுவதையும் கட்டிய பிறகும் கையில் 5,000 ரூபாய் நிற்கும், அசலும் அப்படியே இருக்கும். ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்கும் எவரும் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2 கிலோவாட் என்றால் கணக்கு உங்கள் பக்கம் திரும்புகிறது. சந்தையில் அது 1.4 லட்சத்தை ஒட்டி முடியும் என்று வைத்தால், பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியம் போக 80,000 ரூபாய். ஆண்டுக்கு 13,700 ரூபாய் மிச்சமாவதால் ஆறு ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பேனல்களுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில் திறன் குறைந்துகொண்டே வரும் என்பதைக் கழித்தாலும் நல்ல முதலீடுதான். அந்தத் திட்டத்தின் மானியமே 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எதுவும் இல்லை என்றுதான் அமைந்திருக்கிறது. 3 கிலோவாட் போட்டாலும் 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000 ரூபாய்தான்.

இன்னும் ஒன்று, சோலார் விற்பவர்கள் பொதுவாகச் சொல்லாதது. உங்கள் வீட்டு மின்விசிறிகள் நான்கும் இருபது ஆண்டுப் பழையவை என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஒவ்வொன்றும் 75 வாட் அளவில் இழுக்கும். பிஎல்டிசி வகை விசிறி 35 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். நான்கும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட் குறையும். ஆண்டுக்கு 4,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் மூன்றே ஆண்டுக்குள் பணம் வந்துவிடும். முதலில் விசிறிகளை மாற்றுங்கள். ஒரு கோடைப் பில்லைப் பாருங்கள். பிறகு சோலாரை முடிவு செய்யுங்கள். விசிறிகளை மாற்றிய பின் உங்களுக்கு 1 கிலோவாட்டே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு சிறிய வேலையை எடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். கிலோவாட்டுக்கான விலையும் கூடும். வயது ஏற ஏற ஏ.சி. பயன்பாடும் கூடுவது இயல்பு. எனவே 2 கிலோவாட்டை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் குடும்பம் நிரந்தரமாக உங்களோடு வந்து தங்கப்போகிறது, இரண்டாவது ஏ.சி.யோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் மட்டும் 3 கிலோவாட்டைப் பற்றிப் பேசலாம்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று வாக்குறுதிகள்

பில்லே வராது என்பது ஆண்டின் பல மாதங்களுக்கு உண்மையாகலாம். அதற்கு 5 கிலோவாட் தேவையில்லை என்பதை மேலே பார்த்தோம். தமிழ்நாட்டில் வலையமைப்புக் கட்டணம் என்ற பெயரில் சோலார் மின்சாரத்தின் மீது யூனிட் கணக்கில் வசூலிக்கும் முறை ஒன்றும் வந்தது. உங்கள் இணைப்புக்கு அது பொருந்துமா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரதிநிதியின் வாய்ச்சொல் இதற்குப் போதாது.

கரண்ட் போனாலும் எல்லாம் ஓடும் என்பது உங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் உள்ள அமைப்புக்குப் பொருந்தவே பொருந்தாது. அதில் எழுதியிருப்பது பேட்டரி இல்லாமல், வாரியத்தின் மின்சாரத்தோடு இணைந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். வாரியத்தின் மின்சாரம் நின்ற நொடியே அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இதை மாற்றச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். நடுப்பகல் வெயிலிலும் மின்வெட்டு நேரத்தில் பேனல்கள் சும்மாதான் இருக்கும். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால், பேட்டரியோடு சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்; அவற்றால் செலவு கணிசமாக ஏறும், பேட்டரிக்குத் தனி மானியமும் கிடையாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதாரண இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருச்சியில் வரும் மின்வெட்டுக்கு விசிறி, விளக்கு ஓட அது போதும், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாத வருமானம் என்ற நம்பிக்கையை முற்றிலும் கைவிடுங்கள். மிஞ்சும் யூனிட்டுகள் அடுத்த பில்லுக்குக் கணக்கில் ஏறும். நீங்கள் வாங்கும் விலைக்கு ஈடாக வாரியம் உங்களுக்கு மாதாமாதம் பணம் தராது. மாடிக் குடித்தனத்தின் பில்லிலும் இந்த யூனிட்டுகளைக் கழிக்க முடியாது, ஏனென்றால் அது வேறு இணைப்பு, வேறு மீட்டர்.

மொட்டைமாடி

2 கிலோவாட்டுக்கு இன்று புழக்கத்தில் உள்ள 540 வாட் பேனல்கள் நான்கு போதும். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். இடைவெளியோடு 200 சதுர அடி ஒதுக்கினால் தாராளம். உங்கள் மாடி 900 சதுர அடி என்பதால் துணிக்கும் வடகத்துக்கும் இடப் பிரச்சினையே இல்லை. பேனலுக்கு அடியில் நடமாடலாம் என்று எட்டடி உயரக் கம்பிச் சட்டம் போடச் சொல்வார்கள். அதற்குக் கூடுதல் செலவாகும், காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் உள்மாவட்டங்கள் வரை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். தாழ்வான சட்டமே உங்களுக்கு ஏற்றது.

இடத்தைவிட நிழல்தான் பெரிய விஷயம். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மூலையில் விழும் தென்னங்கீற்றின் நிழல்கூட மொத்த வரிசையின் உற்பத்தியையும் பாதிக்கும். உங்கள் மேற்குப் பக்கத்து வீட்டுத் தென்னை பிற்பகலில் எதுவரை நிழல் போடுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் தளத்திலேயே குறித்துப் பாருங்கள். தெற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆனி மாதத்தில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் அதன் நிழல் பேனல் பக்கம் வராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது ஆறடி உயரத் தொட்டி நண்பகலிலேயே வடக்கே நான்கடிக்கு நிழல் நீட்டும், காலையும் மாலையும் இன்னும் நீளும். கோடையில் வந்து அளந்துவிட்டுப் போகிறவர் இதைக் கவனிக்காமல் விடக்கூடும். பேனல்கள் தெற்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் இருந்தால் போதும்.

தளவோட்டைத் துளைத்து போல்ட் இறக்குவார்களா, கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்துவார்களா என்பதைக் கேளுங்கள். துளைத்தால் அந்த இடத்தை நீர்க்கசிவு தடுக்கும் பூச்சால் அடைப்பதும், அதற்கு எத்தனை ஆண்டு பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பேனலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன் துணித் துடைப்பத்தால் கழுவ வேண்டும். உங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்றால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்துவிடும். அதற்குக் காவிரித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். இந்த வேலைக்காக நீங்கள் ஏணியில் ஏறக் கூடாது. எட்டிக் கழுவ முடியாத உயரத்தில் பேனலை வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீடு யாருடையது, மின் இணைப்பு யாருடையது

கணவர் வீடு இப்போது என் வீடுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் அப்படி நினைப்பது நியாயம்; சட்டத்தில் சிறு திருத்தம் இருக்கிறது. அவர் உயில் எழுதி வைக்காமல் காலமானார் என்பதால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள் மூவரும் சம பங்குதாரர்கள். கணவரின் தாயார் அவருக்கு முன்பே மறைந்துவிட்டதாக எழுதியிருப்பதால் நான்காவது பங்கு இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கப்போகும் ஓர் அமைப்பை மாடியில் வைப்பதற்கு மகளின் சம்மதமும் வேண்டும். மகன் தொலைபேசியில் சொன்னது மட்டும் போதாது. இருவரிடமும் ஒரு தாளில் ஆட்சேபமில்லை என்று எழுதி வாங்கிக்கொள்வது பின்னாளில் எல்லாருக்கும் நல்லது.

மின் இணைப்பு கணவர் பெயரில் இருக்கும்வரை மானியத்துக்கு விண்ணப்பிப்பதில் சிக்கல் வரும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே விண்ணப்பமும் மானியம் சேரும் வங்கிக் கணக்கும் அமைய வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவற்றோடு பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். சோலாருக்கு முன் முடிக்க வேண்டிய முதல் வேலை இதுதான். அங்கே போகும்போது உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோலாரின் திறன் அதற்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் சுமையைக் கூட்ட வேண்டிவரும். 10 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியிருக்கிறது. ஆகவே ஆய்வு என்ற பெயரில் உங்களை அலைக்கழிக்க இடமில்லை.

ஒப்பந்தமும் முன்பணமும்

நீங்கள் அனுப்பிய கொட்டேஷன் நகலில் பேனலின் நிறுவனப் பெயர் இல்லை, இன்வெர்ட்டரின் உத்தரவாதக் காலம் இல்லை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதும் இல்லை. 'இறக்குமதிப் பேனல்' என்று மட்டும் பெருமையாக எழுதியிருக்கிறது. இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டு இந்தியாவில் செய்த பேனல்களுக்கு, அதாவது வியாபாரத்தில் டிசிஆர் பேனல் என்று சொல்லப்படுபவற்றுக்கு மட்டுமே வீட்டு மானியம் உண்டு. இறக்குமதிப் பேனலைப் போட்டுவிட்டு 78,000 ரூபாய் வரும் என்று நீங்கள் காத்திருந்தால் அது வரவே வராது. இந்த ஒரு வரியே அந்தக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம்.

புதிதாகத் தொடங்கும்போது சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் இரண்டு மூன்று பேரிடம் 2 கிலோவாட்டுக்கு மட்டும் விலை கேளுங்கள். பேனல், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் நிறுவனப் பெயரும் மாடலும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் உற்பத்தி என்ற எண்ணிக்கையும், ஐந்து ஆண்டுப் பராமரிப்பும், மின்னல் தடுப்பும் எர்த்திங்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை நெட் மீட்டர் பொருத்தி அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். மானியம் அதற்குப் பிறகு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதை வாங்கித் தருகிறோம் என்று எவரிடமும் ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள்.

கொடுத்த 10,000 ரூபாயைப் பற்றி: நீங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, ரசீது மட்டும் வாங்கியிருக்கிறீர்கள், பொருளும் இறங்கவில்லை. உங்கள் நிலை வலுவாகவே இருக்கிறது. மின்வெட்டிலும் ஓடும் என்று வாட்ஸப்பில் அவர் அனுப்பிய செய்தி உங்களிடம் இருப்பது நல்ல சாட்சியம், அழித்துவிடாதீர்கள். உண்மைக்கு மாறான உறுதிமொழியின் பேரில் முன்பணம் பெறப்பட்டதால் ஆர்டரை ரத்து செய்வதாகவும், பதினைந்து நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தருமாறும் நிறுவனத்தின் முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஆய்வுக்கு ஆள் வந்து போன செலவு என்று அவர்கள் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர முன்வந்தால், ஏற்றுக்கொண்டு எழுத்தில் முடித்துக்கொள்வதே உங்கள் நேரத்துக்கும் நிம்மதிக்கும் நல்லது என்பது என் யோசனை. அதுவரை மீதித் தொகைக்காக வரும் எந்தத் தொலைபேசி அழைப்புக்கும் இணங்கி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.